எல்லை வைக்காத மென்பொருள்



கணினிப் பாதுகாப்பு என்றதும் நம் மனம் திருட்டைத்தான் நினைக்கிறது. கடவுச்சொல் திருட்டு, வங்கிக் கணக்கில் திருட்டு, ஆதார் விவரத் திருட்டு. நான் இன்று பேச வந்திருப்பது எதுவுமே திருடு போகாத ஒரு கேட்டைப் பற்றி. இதில் ஒரு பைசா குறையாது, ஒரு கோப்பு அழியாது. ஆனால் சர்வர் நின்றுவிடும். தேர்வு முடிவு பார்க்க உட்கார்ந்த பிள்ளைக்குப் பக்கம் திறக்காது. மருத்துவமனையில் நோயாளியின் பதிவேடு திறக்காது. பணம் கட்ட வேண்டிய கடைசி நாளில் பணம் கட்ட முடியாது. இதற்குச் சேவை மறுப்பு என்று பெயர்.

சேவை மறுப்பில் ஒரு வகை எல்லோருக்கும் தெரிந்தது. ஆயிரக்கணக்கான கணினிகளைத் திரட்டி, ஒரே நேரத்தில் ஒரு தளத்தின் மேல் ஏவுவது. செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் அதுதான். இன்னொரு வகைக்குக் கூட்டம் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள் போதும். சில நேரம் ஒரே ஒரு வரி போதும். அந்தச் சிறு வரி உள்ளே போனதும் சர்வர் தன் முழு பலத்தையும் அதிலேயே செலவழித்துச் சோர்ந்துவிடும். ப்ராசஸரின் நேரம், மெமரி, டிஸ்கில் இடம், திறந்து வைக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கை: இவைதாம் ஒரு சர்வரின் வளங்கள். இவற்றில் அளவில்லாதது என்று ஒன்று உண்டா? ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, நாம் எழுதும் நிரல்கள் மட்டும் ஏன் அளவே இல்லாதவை போல அவற்றைச் செலவு செய்கின்றன? இன்றைய பேச்சின் பொருள் இந்த ஒரு கேள்விதான்.

முதலில், யாருமே தாக்காமல் முடங்கிப்போன ஒரு தளத்தைப் பார்ப்போம்.

2016 ஜூலை 20. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. இந்த அரங்கிலுள்ள மாணவர்களில் அந்தத் தளத்தைத் திறக்காதவர் ஒருவர் இருப்பாரா என்பது ஐயம்தான். உலகெங்கும் நிரல் எழுதுவோர் சந்தேகம் கேட்டு விடை பெறும் இடம். அன்று அது 34 நிமிடம் நின்றுபோனது. யார் செய்த சதி? யாருடைய சதியும் இல்லை. யாரோ ஒருவர் அங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். அதிலிருந்த நிரலில் ஒரு குறிப்பு வரி. அந்த வரிக்குள் ஏறக்குறைய 20,000 வெற்றிடங்கள், அதாவது ஸ்பேஸ்கள், தொடர்ச்சியாக இருந்தன. அவ்வளவுதான் நடந்தது.

வரியின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை நீக்குவதற்கு அந்தத் தளம் ஒரு ரெஜெக்ஸ் வைத்திருந்தது. எழுத்துகளுக்கு நடுவே ஓர் அமைப்பைத் தேடிப் பிடிக்க நாம் எழுதும் குறுவிதிதான் ரெஜெக்ஸ். இங்கே விதி என்ன? வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து, அவற்றோடு வரி முடிந்தால், அவற்றை நீக்கு. எவ்வளவு எளிய விதி! ரெஜெக்ஸ் இயந்திரம் முதல் வெற்றிடத்தில் தொடங்கியது. 20,000 வரைக்கும் போனது. போய்ப் பார்த்தால் வரி முடியவில்லை, ஓர் எழுத்து நிற்கிறது. சரி என்று திரும்பி வந்து இரண்டாவது வெற்றிடத்தில் தொடங்கியது. 19,999 தாண்டினால் அதே எழுத்து. திரும்பி வந்து மூன்றாவதில் தொடங்கியது. 19,998. மறுபடியும் அதே எழுத்து. இப்படியே கடைசி வெற்றிடம் வரைக்கும். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 20 கோடிச் சோதனைகள். ஒரே ஒரு வரியைச் சுத்தம் செய்ய 20 கோடிச் சோதனைகள்!

கேடு அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்துப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. எந்தெந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் லோட் பேலன்சர், அதே முகப்புப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கும். பக்கம் வரத் தாமதமானதும் சர்வர்கள் செத்துவிட்டன என்று முடிவுகட்டி அவற்றை விலக்கிவிட்டது. தளம் முழுவதும் போயிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், திருத்தி எழுத 14 நிமிடம், எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்க 10 நிமிடம். ரெஜெக்ஸை எடுத்துவிட்டு ஒரு சாதாரணச் சார்பை வைத்தார்கள். சிக்கல் தீர்ந்தது.

இது ஒரு தளத்தின் கதை. இணையத்தின் கணிசமான ஒரு பகுதிக்கே இது நேர்ந்தது உங்களுக்குத் தெரியுமா?

2019 ஜூலை 2. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம். ஏராளமான தளங்களுக்கு முன்னே நின்று அவற்றைத் தாக்குதலிலிருந்து காப்பதே அதன் தொழில். அன்று கிரீன்விச் நேரம் 13.42க்கு அதன் பொறியாளர்கள் ஒரு புதிய பாதுகாப்பு விதியை வெளியிட்டார்கள். தீய நிரலைப் பக்கத்துக்குள் நுழைப்பவர்களைப் பிடிப்பதற்கான விதி. நல்ல நோக்கம். சோதனை நிலையில்தான் விட்டார்கள். யாரையும் தடுக்காது, கவனித்துக் குறித்துக்கொள்ள மட்டும் செய்யும். ஆனால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் விட்டார்கள். அந்த விதிக்குள் ஒரு ரெஜெக்ஸ். அதற்குள் "எதுவாக இருந்தாலும், எத்தனையாக இருந்தாலும்" என்று பொருள்படும் துண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தது.

அப்படி வந்தால் என்ன ஆகும்? இரண்டு துண்டுகளும் எத்தனை எழுத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் துண்டு எவ்வளவு, இரண்டாம் துண்டு எவ்வளவு? இயந்திரம் ஒவ்வொரு பங்கீட்டையும் முயன்று பார்க்கும். பொருந்தவில்லையா, பின்வாங்கி அடுத்த பங்கீடு. அவர்களே பிறகு விளக்கிக் காட்டிய கணக்கு இது. ஓர் எக்ஸ், ஒரு சமக்குறி, அதன் பின் 20 எக்ஸ். மொத்தம் 22 எழுத்து. விதியின் எளிய வடிவத்தைக்கொண்டு இதைச் சோதிக்க 555 படிகள். விதியின் இறுதியில் ஓர் அரைப்புள்ளி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு எழுத்தைக் கூட்டினால் 5,353 படிகள். 22 எழுத்துக்கே இந்தக் கதி. உண்மையான வேண்டுகோள்கள் எவ்வளவு நீளம் வரும்!

அன்று கிளவுட்ஃப்ளேரின் சர்வர்களில் இணையப் போக்குவரத்தைக் கையாளும் ப்ராசஸர்கள் உலகெங்கும் முழுக் கொதிநிலைக்குப் போயின. அந்த நிறுவனத்தின் வழியே போகும் போக்குவரத்து ஒரு கட்டத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. தளங்களைத் திறந்தவர்களுக்கு 502 என்ற பிழைப் பக்கம்தான் வந்தது. சரிசெய்ய ஓடிய பொறியாளர்களுக்கோ தங்கள் உள்கருவிகளையே திறக்க முடியவில்லை. அவையும் அதே வலையமைப்புக்குப் பின்னால்தான் இருந்தன. 27 நிமிடம் கழித்து, அந்தப் பாதுகாப்பு அடுக்கையே முழுவதும் அணைத்து மீண்டார்கள்.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. ஒரு ரெஜெக்ஸ் ப்ராசஸரை அளவுக்கு மீறித் தின்றால் அதை நிறுத்துகிற காப்பு ஒன்று அவர்களிடம் முன்பே இருந்தது. சில வாரங்களுக்கு முன் நிரலைச் சீரமைத்தபோது அது தவறுதலாக நீங்கிவிட்டது. எல்லை இருந்தது. எடுக்கப்படுவது தெரியாமலே எடுக்கப்பட்டது. அந்த ஒரு எல்லை இருந்திருந்தால் ஜூலை 2 மற்ற நாள்களைப் போலவே கழிந்திருக்கக்கூடும். நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள் அந்தப் பொறியாளர்கள். அதற்கு நாம் தலைவணங்க வேண்டும்.

பின்வாங்கிப் பின்வாங்கித் தேடாத ரெஜெக்ஸ் முறை நமக்குத் தெரியாததா? கென் தாம்சன் 1968லேயே அப்படி ஒரு முறையை எழுதிவிட்டார். எழுத்தின் நீளத்துக்கு ஏற்ற அளவில்தான் அதில் வேலை வளரும். ஆனால் பின்வந்த பல மொழிகள் வசதியைக் கருதிப் பின்வாங்கும் முறையைத்தான் வைத்துக்கொண்டன. கோ மொழியின் நூலகமும் ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகமும், கூகுளின் ஆர்.இ.2 நூலகமும் தாம்சன் காட்டிய வழியில் நடப்பவை. அந்த நாளுக்குப் பிறகு கிளவுட்ஃப்ளேரும் அந்த வழிக்கே வந்தது.

இதுவரை சொன்னவை விபத்துகள். இவற்றை ஒருவர் வேண்டுமென்றே செய்தால்?

எக்ஸ்.எம்.எல். கோப்பில் ஒரு சொல்லுக்குச் சுருக்கப் பெயர் வைக்கலாம். முதல் பெயருக்கு மூன்றெழுத்துள்ள ஒரு சொல். இரண்டாம் பெயருக்கு முதல் பெயர் பத்து முறை. மூன்றாம் பெயருக்கு இரண்டாம் பெயர் பத்து முறை. இப்படி ஒன்பது படி ஏறினால் அந்தச் சொல் 100 கோடி முறை விரியும். அனுப்புகிற கோப்பு ஒரு கிலோபைட்கூட வராது. வாங்குகிற சர்வர் மெமரியில் ஏறக்குறைய 3 ஜிகாபைட் இடம் தேடும். '42.ஜிப்' என்று புகழ்பெற்ற சுருக்கக் கோப்பின் அளவு 42 கிலோபைட். அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போனால் 4.5 பெட்டாபைட். மின்னஞ்சல் இணைப்பைத் திறந்து சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று இதை அளவு பார்க்காமல் பிரிக்கத் தொடங்கினால் அதன் கதி என்ன?

நல்லதற்காகச் செய்ததே கேடாக முடிவதும் உண்டு. கடவுச்சொல்லைத் திருடர்கள் ஊகிக்கக் கூடாது என்பதற்காக, அதைக் குழப்பி எழுதும் கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் கடவுச்சொல் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று ஜாங்கோ என்ற வலைச் சட்டகம் எல்லை வைக்கவில்லை. ஒரு மெகாபைட் நீளத்துக்கு ஒருவர் கடவுச்சொல்லை அனுப்பினால், அதைக் குழப்பி முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அது சரியான கடவுச்சொல்லாக இருக்க வேண்டியதே இல்லை. 2013 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு ஆற்றாமை தரும் கதை. பொறுமையோடு கேளுங்கள்.

மாணவர்களே, ஹாஷ் டேபிள் படித்திருப்பீர்கள். பெயரைக் கொடுத்தால் அது எந்த அறையில் இருக்கிறது என்று ஒரு கணக்குச் சொல்லும். நேரே அந்த அறைக்குப் போகலாம். எத்தனை ஆயிரம் பெயர் இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதே புத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: எல்லாப் பெயரும் ஒரே அறைக்குள் விழுந்துவிட்டால், ஒவ்வொரு புதிய பெயரையும் முன்பு வந்த அத்தனை பெயரோடும் ஒப்பிட வேண்டும். "அப்படி நடப்பது அரிது" என்று சொல்லிவிட்டு வகுப்பில் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். தற்செயலாக நடப்பதுதான் அரிது. அறையைச் சொல்லும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எந்தெந்தப் பெயர்கள் ஒரே அறையில் விழும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பட்டியல் போட்டு அனுப்ப ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் என்ற இருவர் 2003இல் இதைச் செய்து காட்டினார்கள். பழைய டயல்-அப் மோடம் அனுப்பும் அளவைவிடக் குறைவான தரவைக்கொண்டே, ஊடுருவலைக் கண்டறிவதற்காக ஓடும் ப்ரோ என்ற மென்பொருளை ஆறே நிமிடத்தில் மண்டியிட வைத்தார்கள். அது தன்னிடம் வந்த போக்குவரத்தில் 71 விழுக்காடு வரை பார்க்காமல் கைவிட்டது. காவல் காக்க வைத்த மென்பொருளுக்கே கண் மறைந்தது! பெர்ல் மொழிக்காரர்கள் அதே ஆண்டில் தங்கள் கணக்கில் ஊகிக்க முடியாத எண் ஒன்றைக் கலந்து திருத்திக்கொண்டார்கள்.

மற்றவர்கள்? எட்டு ஆண்டுகள். எட்டு ஆண்டுகள் போயின. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினி மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வேல்டே என்ற இருவர் மேடையேறி, பி.எச்.பி., ஜாவா, பைத்தான், ரூபி, ஏ.எஸ்.பி. டாட் நெட் என்று அத்தனையும் அதே குறையோடு இருப்பதைக் காட்டினார்கள். அச்சில் வெளிவந்த ஆய்வு. தீர்வும் தெரிந்த ஆய்வு. ஆனாலும் யாரும் கவலைப்படவில்லை. மேடையில் காட்டியதும் எல்லாம் நடந்தது. மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் டிசம்பர் 29ஆம் தேதியே அவசரத் திருத்தம் வெளியிட்டது. பி.எச்.பி. ஒரு வேண்டுகோளில் 1,000 மாறிகளுக்கு மேல் ஏற்பதில்லை என்று எல்லை வைத்தது. 2012இல் ஜான்-ஃபிலிப் ஓமசோனும் டேனியல் பெர்ன்ஸ்டைனும் சிப்ஹாஷ் என்ற புதிய கணக்கை உருவாக்கித் தந்தார்கள். பைத்தான், ரூபி, ரஸ்ட் எல்லாம் அதை ஏற்றன. இந்த வேலையை 2003லேயே செய்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். சேவை மறுப்பு "சிறிய குறை" என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம்தான் எட்டு ஆண்டுகளைத் தின்றது. இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லை வைத்தும் தவறலாம். எதை எண்ணுகிறோம் என்பதில் தவறினால் எல்லை இருந்தும் பயனில்லை. இதற்கு எச்.டி.டி.பி. 2 நெறிமுறை சான்று. ஓர் இணைப்பில் ஒரே நேரத்தில் பல வேண்டுகோள் அனுப்பலாம். வழக்கமாக 100 வரை என்று சர்வர்கள் எல்லை வைத்திருந்தன. வேண்டாம் என்றால் வேண்டுகோளை ரத்தும் செய்யலாம். ஓர் உணவகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கு ஒரே நேரத்தில் 100 தோசைக்கு மேல் சொல்லக் கூடாது என்பது விதி. ஒருவர் உட்கார்ந்து தோசை சொல்கிறார். மாவு கல்லில் விழுந்ததும் "வேண்டாம்" என்கிறார். கணக்கில் அந்தத் தோசை கழிந்துவிடுகிறது. உடனே அடுத்த தோசை சொல்கிறார், மறுபடி "வேண்டாம்" என்கிறார். மேசைக் கணக்கில் எப்போதும் பூஜ்யம். அடுப்படியில் மாஸ்டருக்கு மூச்சு முட்டுகிறது.

2023 ஆகஸ்டில் தொடங்கிய தாக்குதல்கள் இதைத்தான் செய்தன. அக்டோபர் 10ஆம் தேதி கூகுள், கிளவுட்ஃப்ளேர், அமேசான் மூன்றும் சேர்ந்து இதை அறிவித்தன. கூகுள் கண்ட உச்சம், ஒரு நொடிக்கு 39.8 கோடி வேண்டுகோள்கள். அதற்கு முந்தைய ஆண்டு கூகுள் கண்ட உச்சம் 4.6 கோடிதான். கிளவுட்ஃப்ளேர் கண்டது நொடிக்கு 20.1 கோடி; அதை அனுப்பியவை ஏறக்குறைய 20,000 கணினிகள் மட்டுமே. நெறிமுறை வெளியான ஆண்டு 2015. எட்டு ஆண்டுகளாக எத்தனையோ சர்வர்களில் ஓடிய நெறிமுறையில், ரத்துக்கு ஒரு விலை வைக்கப் பலருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. சென்ற நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒளிந்திருந்த குறை இது.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்வது டி.என்.எஸ். அந்த விடை போலியானதா என்று சோதிக்கக் கையொப்பங்களைச் சேர்த்தது டி.என்.எஸ்.செக். எந்தச் சாவியைக்கொண்டு சோதிக்க வேண்டும் என்று காட்டச் சாவிக்கு ஒரு சிறு எண் உண்டு. அதில் 65,536 வாய்ப்புகள்தாம். ஆகவே இரண்டு சாவிகளுக்கு ஒரே எண் வரலாம். வந்தால்? எல்லாச் சாவியையும், எல்லாக் கையொப்பத்தோடும், ஒன்று பொருந்தும்வரை சோதித்துப் பார் என்றது நெறிமுறை. அனுப்புபவரிடம் கண்டிப்பாக இருக்கச் சொல்லி, வாங்குபவரைத் தாராளமாக ஏற்கச் சொன்ன ஜான் போஸ்டலின் 1980ஆம் ஆண்டுக் கொள்கையின் வழிவந்த தாராளம் இது. நூறு சாவி, நூறு கையொப்பம், எல்லாம் பொய். எத்தனை சோதனை? பத்தாயிரம். ஒவ்வொன்றும் கடினமான கணக்கு.

ஜெர்மனியின் ஏதீன் ஆய்வு மையத்தார் இதைக் கண்டார்கள். கீட்ராப் என்று பெயரிட்டார்கள். ஒரே ஒரு விடைப் பொட்டலம், ப்ராசஸருக்கு வழக்கத்தைவிட 20 லட்சம் மடங்கு வேலை. பைண்ட் என்ற பரவலான டி.என்.எஸ். மென்பொருள் ஒரே பொட்டலத்தில் 16 மணி நேரம் வரை முடங்கக்கூடும் என்று காட்டினார்கள். குறையின் வேர் 1999ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இருந்தது. அத்தனை நிபுணர்கள் படித்துப் பின்பற்றிய ஆவணம் அது. ஏதீன் ஆய்வாளர்கள் இந்தக் குறையை ஊரறியக் கூவவில்லை. 2023 நவம்பரில் மென்பொருள் செய்பவர்களிடம் கமுக்கமாகச் சொன்னார்கள். திருத்தங்கள் தயாரான பிறகு, 2024 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தார்கள். திருத்தம் என்ன தெரியுமா? இத்தனை முறை தோற்றால் நிறுத்து என்ற எல்லைதான்.

"சட்டம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரிமையுள்ளவருக்குக் கணினிப் பயன்பாட்டை மறுக்கச் செய்வதை 43ஆம் பிரிவில் குறிப்பிடுகிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வேண்டிய சட்டம்தான். ஆனால் 20,000 வெற்றிடத்தைப் பதிந்தவர்மேல் எந்தப் பிரிவு பாயும்? அவர் குற்றவாளியா? இல்லவே இல்லை. சட்டம் தாக்கியவரைத்தான் தேடும். நிரலைத் திருத்த வேண்டியவர் அதை எழுதியவர்.

ஆகவே மாணவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் தரவுக்கு உங்கள் நிரல் எவ்வளவு நேரம் தரும்? எவ்வளவு மெமரி தரும்? எத்தனை முறை முயலும்? எத்தனை நொடி காத்திருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு எண்ணால் விடை சொல்ல முடியாத நிரல் முடிக்கப்படாத நிரல். மதிப்பெண் வாங்கியிருக்கலாம், விற்பனைக்கே போயிருக்கலாம். ஆனாலும் அது முடிக்கப்படாத நிரல்.

பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மோசமான நிலைக்கான கணக்கைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் நடத்தாதீர்கள். அந்த மோசமான நிலையை ஒருவர் கையால் செய்து அனுப்புவார் என்று சொல்லி நடத்துங்கள். ஆய்வகத்தில் அப்படி ஒரு தரவைச் செய்து, மாணவர்கள் எழுதிய நிரலின் மேலேயே ஓடவிட்டுக் காட்டுங்கள்.

நாளை நீங்கள் ஒருவர் எழுதிய மென்பொருளில் இப்படி ஒரு குறையைக் கண்டால், அதை ஓடும் சர்வரில் முயன்று பார்க்காதீர்கள். உங்கள் சொந்தக் கணினியில் சோதியுங்கள். எழுதியவருக்கு முதலில் சொல்லுங்கள். திருத்த அவகாசம் கொடுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் நீங்கள் கடைசியாக எழுதிய நிரலைத் திறந்து, வெளியிலிருந்து தரவு நுழையும் ஒவ்வொரு இடத்திலும் எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் இன்றிரவே எழுதுங்கள்.